மருந்துக்கு அடங்காத கிருமியும் யாழ்ப்பாணத்து நெருப்புக் காய்ச்சலும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் நிறைவெய்துமிடத்து, மருத்துவம் நான்கு கூறுகளையுடையது என வள்ளுவர் வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிலிருந்து பணிபுரிபவன் என்பன அந்நான்குமாம். இவை யாவும் ஒரு நோயாளியின் படுக்கையைச் சூழ்ந்தே நிற்பன. ஒருவன் முறைதவறி உண்ட மருந்தினால், அவன் முகத்தையே கண்டறியாத மற்றொருவனுக்கு அம்மருந்து பயன்படாமற் போகும் என்பது முற்காலத்தில் எவரும் எண்ணியும் பார்த்திராத செய்தி. இக்காலத்து மருத்துவமோ அதனை நாள்தோறும் கண்டு வருகின்றது.

பற்றீரியா என்னும் நுண்ணிய உயிர்களால் விளையும் நோய்களைத் தீர்த்தற்கு வழங்கப்படும் மருந்துகள் நுண்ணுயிர்க்கொல்லிகள் எனப்படும். இம்மருந்துகளுக்கு மாயாது பிழைக்கும் ஆற்றலைக் கிருமிகள் பெறுதலே மருந்தெதிர்ப்பு ஆகும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இதனை நேர்க்காரணமாகக் கொண்டு உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று, 2022ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இத்தகைய பேரெண்கள் கேட்டவுடன் திகைப்பை உண்டாக்குமேயன்றிக் காரணகாரியத் தொடர்பைத் தெளிவாக்கமாட்டா. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தலைமுறை தலைமுறையாக அறியப்பட்ட நெருப்புக் காய்ச்சல் என்னும் ஒரு நோயின் வரலாற்றை எடுத்து நோக்குவோர்க்கு, அத்தொடர்பு எளிதிற் புலனாகும்.

நெருப்புக் காய்ச்சல் எனப் பொதுமக்களும் தைபொயிட்டு என வைத்தியரும் வழங்கும் இந்நோய்க்குக் காரணமான கிருமி சல்மனெல்லா தைபி என்பதாகும். ஜெர்மானிய அறிஞர் எபெர்த்து என்பவர் 1880ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்து விவரித்தார். கிருமி இன்னதென்று அறியப்படுமுன்னரே, இந்நோய் நோயாளியின் மலத்தால் மாசுற்ற நீர்வழியாகப் பரவுகின்றது என்று இங்கிலாந்தின் வைத்தியர் வில்லியம் பட் என்பார் வாதிட்டு வந்தார். காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். தலைவலியும் வயிற்றுநோவும் உணவில் வெறுப்பும் கூடவரும். தக்க மருந்தின்றி நோய் மூன்றாம் வாரத்தை எய்துமாயின், குடலிற் குருதி பெருகலும் குடலிலே துளை விழுதலும் நேரக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லிகள் தோன்றாத காலத்தில் நோயுற்றோர் நூற்றுவருள் பத்து முதல் இருபது பேர் வரை இறந்தனர். நோய் நீங்கிய பின்னரும் சிலருடைய பித்தப்பையிற் கிருமி தங்கிவிடுதலால், அவர்கள் நலமுடையோராய்த் தோன்றிக்கொண்டே பிறருக்கு நோயைப் பரப்புவோராகவும் ஆகின்றனர்.

இக்கிருமியைப் பற்றி நினைவிற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இது மனிதரிடத்தன்றி வேறெவ்வுயிரினிடத்தும் நிலைத்து வாழ்வதில்லை. ஆதலின், ஒருவருடைய மலத்திலிருந்து நீங்கிய கிருமி நீராலோ உணவாலோ கையாலோ மற்றொருவருடைய வாயைச் சென்றடைந்தாலன்றி இந்நோய் தோன்றுதற்கு வழியில்லை. இலங்கையில் நெருப்புக் காய்ச்சல் மிகுதியாகப் பதிவாகும் மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் நெடுங்காலமாக முன்னணியில் நிற்பதற்குக் காரணம் யாதெனின், அதனை அந்நிலத்தின் அமைப்பிலேயே தேடுதல் வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாதுமில்லை. வழுக்கியாறும் மாரிகாலத்தில் மாத்திரமே நீரோட்டமுடையது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கற் பாறையிலே தங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. அப்பாறை வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் நிறைந்தது. மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்லென வடிந்து ஓரளவு தூய்மையுறும். சுண்ணாம்புப் பாறையிலோ மேலே விழுந்தது விரைந்து கீழே சென்றுவிடும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீற்றர் இடைவெளி வேண்டுமென்பது பொதுவாகக் கூறப்படும் விதி. இரண்டு பரப்புக் காணி சதுரமாயின், அதன் ஒரு பக்கம் 22 மீற்றருக்குச் சற்றே மேற்பட்டதாகும். அதற்குள் வீடும் கிணறும் மலசலகூடமும் அமைய வேண்டும். வேலிக்கு அப்பால் அயலவருடைய மலக்குழியும் இருக்கும். எனவே நகர்ப்புறங்களில் அவ்விதியைக் காத்தல் அரிது. காத்தவிடத்தும் வெடிப்புடைய பாறையில் அது போதிய காவலன்று. மாரியில் நீர்மட்டம் உயருங்கால் மலக்குழியின் அடியும் கிணற்றின் நீரும் ஒன்றையொன்று அணுகிவிடுகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் மலத்தொடர்புடைய பற்றீரியாக்களும் மிகையான நைத்திரேற்றும் காணப்படுவதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். போர்க்காலத்து இடப்பெயர்வுகளில், ஒரு வீட்டுக்கென வெட்டிய கிணற்றையும் மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பயன்படுத்த நேர்ந்தது இந்நிலையை மேலும் இடருடையதாக்கியது.

இத்தகைய நோய்க்கு முதன்முதல் தக்க மருந்து கிடைத்த வரலாறு யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமான ஒரு நாட்டிலேயே நிகழ்ந்தது. வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947ஆம் ஆண்டில் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்க வைத்தியர் குழுவொன்று உண்ணிக் காய்ச்சலில் அதனைச் சோதிக்கும் பொருட்டு மலாயாவுக்குச் சென்றது. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த அதே கோலாலம்பூரில், நெருப்புக் காய்ச்சலுற்ற பத்து நோயாளருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. வாரக்கணக்கில் நீடிக்க வேண்டிய காய்ச்சல் மூன்று நான்கு நாட்களிலே தணிந்தது. தியோடர் வுட்வேட், யோசேப்பு சிமடெல் முதலியோர் 1948இல் வெளியிட்ட அவ்வறிக்கையின் பின்னர், இறப்பு விகிதம் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்னும் அளவுக்கு வீழ்ந்தது. நெருப்புக் காய்ச்சலை மனிதர் வென்றுவிட்டனர் என்றே அக்காலத்தவர் எண்ணினர்.

அவ்வெண்ணம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் பல்லாயிரவரைப் பற்றிய நெருப்புக் காய்ச்சல் குளோரம்பெனிக்கோலுக்கு அடங்காததாய் இருந்தது; அதே ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அத்தகைய கிருமி காணப்பட்டது. பின்னர் அம்பிசிலினும் கோதிரைமொட்சசோலும் கையாளப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் இம்மூன்று மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமி தென்னாசியாவிற் பரவலாயிற்று. அதன்பின் சிப்புரோபிளொட்சசின் வந்தது; வில்லையாக விழுங்கத்தக்கதும் விலை குறைந்ததுமான அம்மருந்து தலைவலி மருந்துபோற் கடைதோறும் விற்கப்பட்டது. பத்தாண்டுகள் கழியுமுன்னரே அதன் வலிமையும் குன்றத் தொடங்கியது. இன்று தென்னாசியாவின் பெரும்பகுதியில் அதனை நம்பி நெருப்புக் காய்ச்சலுக்கு மருந்தளித்தல் இயலாததாயிற்று.

கிருமி மருந்தை வெல்லும் விதத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். நெடுநாள் மருந்துண்டால் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு, மாறுவது உடம்பன்று, கிருமியே. கோடிக்கணக்காகப் பெருகும் கிருமிகளுள் ஒன்றிரண்டில் தற்செயலாகப் பரம்பரையலகு மாற்றம் நிகழும். மருந்து இல்லாதவிடத்து அம்மாற்றத்தால் அக்கிருமிக்கு ஆதாயம் இல்லை. மருந்து வந்தபொழுதோ மற்றவை மடிய, மாறிய கிருமி மாத்திரம் பிழைத்து வெற்றிடம் முழுவதையும் தன் சந்ததியால் நிரப்பிவிடும். நெல் வயலிலே களையையன்றி நெல்லைப் பிடுங்குபவன் களைக்கு இடமளிப்பது போன்றது இது. மாறிய கிருமிகளுட் சில, மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கின்றன. சில, மருந்து பற்ற வேண்டிய உறுப்பின் வடிவை மாற்றிக்கொள்கின்றன. வேறு சில, உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுகின்றன.

இதனினும் வியத்தற்குரியது மற்றொன்று. எதிர்ப்பாற்றலைத் தரும் பரம்பரையலகுகள் பிளாசுமிட்டு எனப்படும் சிறு வளையங்களில் அமைந்து, ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கு, இனம் வேறாயினும், கைமாறக்கூடும். ஒருவர் சாதாரண தடிமனுக்கு வேண்டாத நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொள்ளின், தடிமனுக்குக் காரணமான வைரசு அதனாற் சிறிதும் பாதிக்கப்படுவதில்லை. அவருடைய குடலில் வாழும் தீங்கற்ற பற்றீரியாக்களே எதிர்ப்பைப் பெறுகின்றன. அவை மலத்தோடு வெளியேறி, மலக்குழியையும், குடாநாட்டிலே சிலவிடங்களில் கிணற்றையும் அடைகின்றன. அங்ஙனம் நோயைச் சுமக்கும் அதே நீர், நோய்க்கிருமிக்கு வேண்டிய படைக்கலத்தையும் சுமந்து செல்கின்றது. கோழிப் பண்ணைகளில் நோயில்லாக் கோழிகளுக்குத் தீனியோடு இம்மருந்துகளைக் கலந்து கொடுக்கும் வழக்கமும் உலகின் பல பாகங்களில் இதே தீங்கை விளைத்துள்ளது.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங் இவ்வபாயத்தை முன்னரே உணர்ந்திருந்தார். 1945ஆம் ஆண்டு மார்கழி 11ஆந் திகதி நோபெல் பரிசுச் சொற்பொழிவை நிகழ்த்தியபோது அவர் ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறினார். ஒருவர் தொண்டை நோவுக்குப் பெனிசிலினைத் தாமே வாங்கிக் குறைவாக உண்கின்றார்; கிருமி மாயாது, எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றது; அக்கிருமி அவர் மனைவியைப் பற்றுகின்றது; மருந்து பயன்படாமையால் அவள் இறக்கின்றாள். பிழை செய்தவர் பிழைத்துக்கொள்ள, பிழை செய்யாதவள் இறந்துபடும் அக்கதையிலே மருந்தெதிர்ப்பின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது.

யாழ்ப்பாணத்தில் மாரிகாலக் காய்ச்சல்களை இவ்விடத்து நோக்குதல் தகும். கார்த்திகை மார்கழி மாதங்களில் டெங்குக் காய்ச்சல் பெருகும், எலிக்காய்ச்சலும் தோன்றும். 2024ஆம் ஆண்டு மார்கழியில் எலிக்காய்ச்சலாற் குடாநாட்டிற் பலர் நோயுற்றுச் சிலர் இறந்தமை பலர்க்கும் நினைவிருக்கும். நெருப்புக் காய்ச்சலும் அக்காலத்திலேயே வரக்கூடும். தொடக்கத்தில் இம்மூன்றும் காய்ச்சல், உடல்நோவு, தலைவலி என ஒரே முகங்காட்டும். டெங்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. எலிக்காய்ச்சலுக்கு வேண்டிய மருந்து ஒன்று. நெருப்புக் காய்ச்சலுக்கு வேண்டியது வேறொன்று. சோதனையின்றி எவராலும் துணிந்து கூற முடியாத இந்நிலையில், சென்ற ஆண்டு எஞ்சிய வில்லைகளை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தாயும், அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சுகமளித்த மருந்தின் பெயரைச் சொல்லிக் கடையிற் கேட்கும் தந்தையும் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். விளைவோ பெருந்தீங்கு. நெருப்புக் காய்ச்சலை ஐயமறத் துணிதற்குக் குருதியிலுள்ள கிருமியை ஆய்கூடத்தில் வளர்த்துப் பார்த்தல் வேண்டும். எம்மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பதும் அச்சோதனையினாலேயே வெளிப்படும். குருதி எடுக்குமுன் இரண்டு வில்லைகளை விழுங்கிவிட்டாற் கிருமி வளராமற் போகலாம். அப்போது வைத்தியர் இருளிலே வழிதேடுபவராகின்றார்.

இவ்வழி தொடர்ந்து செல்லின் எங்கே சென்று முடியும் என்பதைப் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் காட்டியுள்ளது. அங்குள்ள ஐதராபாத்து நகரில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய நெருப்புக் காய்ச்சற் கிருமி, பழைய மூன்று மருந்துகளோடு சிப்புரோபிளொட்சசின் இனத்தையும், ஊசிவழி ஏற்றப்படும் செப்ரியாட்சோன் இனத்தையும் எதிர்த்து நின்றது. கழிவுநீர் கலந்த குடிநீரோடு அந்நோய்ப்பரவலுக்குத் தொடர்பு காணப்பட்டது. அதன்பின் வாய்வழி உண்ணத்தக்கதாக எஞ்சிய பயனுள்ள மருந்து அசித்திரோமைசின் ஒன்றே. அதனையும் எதிர்க்கும் கிருமிகள் தென்னாசியாவில் ஆங்காங்கே தோன்றியுள்ளன. அவ்வொரு மருந்தும் கைநழுவுமாயின், வீட்டிலிருந்து வில்லையுண்டு குணமடையும் நோயாளர் யாவரும் வைத்தியசாலையிற் படுத்து, விலையுயர்ந்த மருந்தை நாளங்களில் ஏற்றிக்கொள்ள நேரும். தீவுப்பகுதியிலிருந்து படகேறி வரும் கூலித்தொழிலாளியின் குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குடாநாட்டு விவசாயி மருந்தெதிர்ப்பின் தத்துவத்தை வேறொரு துறையில் நன்கறிந்தவன். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் குறிக்கப்பெறும்; பங்காளிகள் முறைவைத்து இறைப்பர். கிணற்றின் நன்னீர் கடலின் உவர்நீர்மீது மிதந்து நிற்பது. துலாவால் இறைத்த காலத்தில் ஊற்றும் இறைப்பும் ஒத்திருந்தன. நீரிறைக்கும் இயந்திரங் கொண்டு ஒருவர் அளவின்றி இறைப்பாராயின் கீழுள்ள உவர் மேலெழும்; அவர் கிணறு மாத்திரமன்றி அயற்கிணறும் உவராகும். நுண்ணுயிர்க்கொல்லியும் அத்தகைய பங்குக் கிணறே. அதனைப் பணங்கொடுத்து வாங்குபவர் வில்லைக்கு உரியவராகலாம். அதன் ஆற்றலுக்கு உரியவர் ஊரார் அனைவருமாவர். இவ்வுவமையில் ஆறுதலும் ஒன்றுண்டு. இறைப்பைக் குறைத்து மழைநீரைத் தேக்கினால் உவர்க்கிணறு நாளடைவில் நன்னீராகக்கூடும். அதுபோலவே குளோரம்பெனிக்கோலின் பயன்பாடு அருகிய பின்னர், இந்தியாவின் பல இடங்களில் அதற்கு அடங்கும் கிருமிகளே மீண்டும் பெருகின. ஆயினும் எல்லாக் கிருமிகளும் அங்ஙனம் திரும்புவதில்லை. திரும்பும் வரை நோயாளி காத்திருத்தலும் இயலாது.

புதிய மருந்துகளைக் கண்டுபிடித்தலே இதற்குப் பரிகாரம் எனச் சிலர் கருதுவர். நெருப்புக் காய்ச்சலின் வரலாறு வேறு பாடத்தைப் புகட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஜேர்சி நகரிலே 1908இல் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரீன் இடும் முறை தொடங்கியது. பிற நகரங்களும் நீரை வடித்துக் குளோரீன் இடத் தலைப்பட்டன. அந்நகரங்களில் நெருப்புக் காய்ச்சல், குளோரம்பெனிக்கோல் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வெகுவாக ஒடுங்கிவிட்டது. நோயே வாராதவிடத்து மருந்துக்கு வேலையில்லை. மருந்துக்கு வேலையில்லாதவிடத்து எதிர்ப்புக்கும் இடமில்லை. ஆதலின், யாழ்ப்பாணத்தில் மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் முதற்பணி மருந்துக்கடையிலன்று, கிணற்றங்கரையிலேயே தொடங்குதல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை இத்துறையில் ஒரு முன்னேற்றம். குழாய்நீர் சென்றடையாத வீடுகளில், கிணற்றுக்குக் குளோரீன் இடுதலும், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதலும், மலக்குழியை நீர்க்கசிவில்லாத தொட்டியாக அமைத்தலும் இன்றியமையாதன. சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் எவ்வீட்டிலும் இயல்வது.

தடுப்பூசியும் நற்றுணையாகும். ஆறு மாதக் குழந்தைக்கும் ஏற்றத்தக்க புதியவகைத் தடுப்பூசியை, நோய் மிகுந்த நாடுகளில் வழங்குமாறு உலக சுகாதாரத் தாபனம் 2018ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. பாகிஸ்தான் 2019ஆம் ஆண்டில் அதனைக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளுள் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது. இலங்கையும் மருந்தெதிர்ப்பை எதிர்கொள்ளத் தேசியத் திட்டமொன்றை 2017ஆம் ஆண்டில் வகுத்தது. வைத்தியரின் எழுத்தின்றி நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்றலாகாது என்பது சட்டம். சட்டம் பயன்தருவது வாங்குவோரும் விற்போரும் அதன் காரணத்தை உணருமளவிலேயாம்.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுக்கும் இன்று உரிய கடமைகள் தெளிவானவை. நோயுற்றவர் வைத்தியர் குறித்த அளவும் நாளும் பிழையாது மருந்துண்ண வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் தாமாக நிறுத்துதலும், வேண்டாது நீட்டித்தலும் ஒருங்கே தீமையாம். வைத்தியர் நோயாளியின் வற்புறுத்தலுக்கு இணங்காது, சோதித்தறிந்து மருந்தெழுத வேண்டும். மருந்தை விற்பவர் அதனைப் பிற பண்டங்களைப்போல் எண்ணலாகாது. அருகிலிருந்து பணிபுரிவோர் எஞ்சிய வில்லைகளைப் பிறருக்கு வழங்காது, தம் கைத்தூய்மையையும் பேண வேண்டும். இவற்றோடு ஊர் என்னும் ஐந்தாவது கூறும் இக்காலத்திற் சேர்ந்துள்ளது. கிணறும் கழிவும் பண்ணையும் பாடசாலையும் அதன் பொறுப்பிலுள்ளன.

ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களும் வெளியிட்ட பெருமை யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அந்நாட்டில் இவ்வுண்மைகளைத் தாய்மொழியில் ஒவ்வொரு வகுப்பறையிலும் எடுத்துக் கூறுதல் அரிய செயலன்று. மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கிணற்றுக்கும் அயலவருடைய மலக்குழிக்கும் இடையேயுள்ள தூரத்தை அடிவைத்து அளந்து, அதனைப் பெற்றோரிடம் கூறுவானாயின், அதுவே நற்றொடக்கமாகும். பங்குக் கிணற்றில் முறைதவறாது இறைத்து, அடுத்தவனுக்கும் நன்னீரை விட்டுவைத்த மக்களுக்கு, மருந்தையும் அவ்வாறே காத்துப் பின்வருவோரிடம் ஒப்படைத்தல் இயலாததன்று.